புதன்கிழமைக் கோடு

விஞ்ஞானிக்கு,

கோதுமை துளி உள்ளே போனாலும் என் குடல் புண்ணாகிவிடும். அதனால்தான் நீ செய்யும் சென்சாருக்குத் தினமும் காலையில் என் சிறுநீரைத் தந்தேன். முந்தைய நாள் கோதுமை சாப்பிட்டிருந்தால் அதன் சோதனைப் பட்டையில் சிவப்புக் கோடு விழும். புதன்தோறும் விழுந்தது.

"வெளியில எதையாவது கொறிச்சிருப்ப. வாயைக் கட்டத் தெரியாதா உனக்கு?" என்று சிரித்தாய்.

நானும் என்னையே சந்தேகப்பட்டேன். அலுவலகக் கேன்டீனை விட்டேன். உதட்டுச்சாயத்தை எறிந்தேன். என் கோப்பையில் பிஸ்கட் நனைத்துவிட்டாள் என்று பக்கத்து மேசைக்காரியிடம் சண்டை போட்டேன். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. செவ்வாய்க்கிழமைச் சமையல் உன் முறை என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு குளியலறைத் தரையில் கிடந்தபோது நீதான் வெந்நீர்ப் பை கொண்டுவந்தாய். கொடுத்துவிட்டு மணி பார்த்தாய்.

ஏன் பார்த்தாய் என்பதை உன் நோட்டில் படித்தேன். 'பங்கேற்பாளர் எண் நான்கு. சூப்பில் ஒரு சிட்டிகை கோதுமை மாவு. வலி, மூன்று மணி நேரத்தில்.' ஆறு செவ்வாய்கள். அழகான கையெழுத்து.

கேட்டதற்கு என்ன சொன்னாய்? "முன்னாடியே சொல்லியிருந்தா நீ சாப்பிட்டிருக்க மாட்டியே."

ஆமாம். சாப்பிட்டிருக்க மாட்டேன்.

அக்கா வீட்டுக்கு வந்து மூன்று புதன்கள் ஆகின்றன. அந்தக் காலைகளில் வைத்துப் பார்த்த பட்டைகளை இத்துடன் அனுப்புகிறேன். ஒன்றிலும் கோடு இல்லை. உன் கருவி நன்றாக வேலை செய்கிறது. அறிக்கையில் இதையும் சேர்த்துக்கொள்: நீ சமைக்காத வீட்டில் கோடு விழவில்லை.

இப்படிக்கு,
பங்கேற்பாளர் எண் நான்கு