கிழித்து விரித்த பை

அப்பா,

ஒன்பது மணி நேரத்தில் வந்துவிடுவேன். அதுவரை காகிதப் பையைத் தேட வேண்டாம். அதைக் கிழித்து விரித்துத்தான் இதை எழுதுகிறேன்.

பைக்குள் மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது சரி. ஆக்சிஜனும் இறங்கும். நேற்று உங்களுக்குத் தலை சுற்றியது அதனால்தான். அதில் ரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதமும் ஏறும் என்று நீங்கள் போனில் பார்க்கும் அந்த வீடியோக்காரர் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை. "அப்ப அவன் முட்டாளா?" என்று நீங்கள் கேட்டபோது, "ஆமா, நம்புறவங்களும்தான்" என்று நான் கத்தியிருக்கக் கூடாது. மூக்கால் மெதுவாக மூச்சு விடுங்கள், அதில் எனக்குச் சண்டை இல்லை.

அவித்த முட்டை இரண்டு மூடி வைத்திருக்கிறேன். ருசியில்லை என்று வெள்ளைக் கருவைப் பூனைக்குப் போடாதீர்கள். ஆல்புமின் மூன்றரையைத் தொட்டால்தான் கால் புண்ணில் தோல் ஒட்டுவோம் என்று டாக்டர் சொன்னது உங்களிடம், பூனையிடம் இல்லை.

கட்டு மாற்ற நர்ஸ் அக்கா பத்து மணிக்கு வருவார். சாவி செருப்பு அலமாரி மேல்.

பருப்பைச் சூடாக்கிச் சாப்பிடுங்கள்.

இன்னொன்று. நேற்று லேபிலிருந்து ஓடி வந்ததே இதைச் சொல்லத்தான். வாசலிலேயே உங்களைப் பையோடு பார்த்ததும் கோபம் வந்துவிட்டது. முட்டையா, பருப்பா, புண்ணில் சீழ் வற்றியதா, எதனால் ஏறியது என்று எனக்கும் உறுதியாகத் தெரியாது. லேப் ரிசல்ட்டை இரண்டு முறை சரிபார்த்தேன்.

மூன்று புள்ளி ஆறு, அப்பா.