எதிரில் உட்காருபவன் நலம்

ஜூன் 4, ஞாயிறு

காலையில் தூறல். தயாளன் வீட்டு மாடியில் தியானம். எட்டுப் பேர், எட்டுக் கொட்டாவி. முடிந்ததும் எல்லோர் முன்னாலும் தயாளன் என்னைக் கேட்டான்: “பஞ்சசீலம் சொல்ற வாயி, சீட்டாடிப் பொழைக்கலாமா?” ஏரிக்குள்ளே கொடி நட்டு பிளாட் விற்கிறவன் கேட்கிறான்!

புத்தர் கூடாதென்ற வியாபாரம் ஐந்து என்றேன். ஆயுதம், உயிர், இறைச்சி, மது, விஷம். “சீட்டு அதுல இல்ல. ஏரியும் இல்ல, அதனால நீங்களும் தப்பிச்சீங்க.” ஒருவன் சிரிப்பை இருமலாக்கினான்.

வசந்தா டீச்சர் மட்டும் விடவில்லை. “எதிர்ல இருக்கறவங்க நல்லா இருக்கணும்னு இங்க சொல்றீங்க. சீட்டாடறப்ப எதிர்ல இருக்கறவருக்கு என்ன சொல்வீங்க?”

“அங்க பேசமாட்டோம் டீச்சர்.”

பதில் மாதிரி இருந்தது. பதில் இல்லை.

ஜூன் 6, செவ்வாய்

சின்னவளுக்கு ஷூ. கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் அப்பா என்ன வேலை என்றார்களாம். என் மனைவி கமலா “வியாபாரம்” என்றாளாம். பொய் சொல்லாமை அவள் பாடு. கம்பெனியை விட்டு மூன்று வருடம் ஆகியும் வெட்கப்படுகிறாள். அங்கே பிரஸ் மிஷினில் விரலைக் கொடுத்திருந்தால் பெருமைப்பட்டிருப்பாள்.

பிற்பகல், கர்நாடக எல்லை தாண்டி அத்திப்பள்ளி சீட்டு கிளப். நான் குடிப்பதில்லை, கத்துவதில்லை. மற்றவர்கள்? ஜோக்கருக்கு முத்தம் கொடுக்கும் கிரானைட்காரர். மாம்பழக் கூழ் ஃபேக்டரி சூப்பர்வைசர், தொட்ட சீட்டெல்லாம் பிசுக்கு. தோற்றால் சீட்டைத் திட்டுவார்கள். கொடுக்காததை எடுக்காதே என்பது சீலம். இவர்கள் கொடுப்பதற்கென்றே பஸ் பிடித்து வருகிறார்கள்.

ஜூன் 8, வியாழன்

வெயில். கிளப்பில் என் எதிரே சண்முகம். பழைய கம்பெனி பிரஸ் ஷாப்பில் என் பக்கத்து மிஷின். திருநெல்வேலிக்காரன்.

“அண்ணாச்சி, நீங்களும் இங்கனயா வாரிய? கம்பெனில கணக்க முடிச்சு அனுப்பிட்டாவ. வீட்ல சும்மா இருக்க முடியல.”

நல்ல கை வந்தால் சீட்டை நேராக அடுக்குகிறான். மோசமென்றால் உதட்டை நக்குகிறான். முகத்தைக் கழற்றி மேஜையில் வைத்தது போல. முட்டாள்.

கிளப் பையன் வேறு மேஜையில் இடம் இருப்பதாகக் கன்னடத்தில் சொல்லிக் காட்டினான். “அண்ணா, அல்லி சீட் காலி இதே.” நான் எழவில்லை.

ஆட்டத்தின் நடுவே டீச்சர் கேட்டது ஞாபகம் வந்தது. அந்த நேரம் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்: “கிளாவர் எட்டைப் போடுடா. போடு.” போட்டான். எனக்கு ரம்மி.

கொண்டுவந்ததெல்லாம் போயிற்று அவனுக்கு. திரும்பும்போது பஸ்ஸில் எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தான். “உங்ககூட ஆடுனா கத்துக்கிடலாம் அண்ணாச்சி.”

கமலா மீன் குழம்பு வைத்திருந்தாள். சாப்பிடவில்லை.

ஜூன் 11, ஞாயிறு

தயாளன் இன்று குழைந்தான். “அவரவர் மனசாட்சிங்க.” மாடிக்கு மின்விசிறி வேண்டுமாம், நான் வாங்கித் தரலாமாம். சூதுக்காசுக் காற்று அவனுக்கு ஆகும் போல.

டீச்சரிடம் போய்ச் சொன்னேன்: “எதிர்ல இருக்கறவன் தப்பு பண்ணணும்னு நெனைப்பேன். அதான் என் பொழப்பே. எல்லாரும் சரியா ஆடினா எனக்குச் சோறு இல்ல.”

ஜெயித்துவிட்டதாக முகம் காட்டுவாள் என்று நினைத்தேன். இல்லை. “அவரு பேரு என்னங்க?” என்றாள்.

“சண்முகம்.”

கண்ணை மூடி “சண்முகம் நலமாக இருக்கட்டும்” என்றாள். எட்டு வாயில் ஏழு திரும்பச் சொன்னது. தயாளன்தான் எல்லோரையும்விடச் சத்தமாக. எட்டாவது வாய் என்னுடையது.

ஜூன் 12, திங்கள்

அத்திப்பள்ளி போனேன், ஆட அல்ல. சண்முகம் கிரானைட்காரர் எதிரே உட்கார்ந்து உதட்டை நக்கிக்கொண்டிருந்தான். தோளைத் தொட்டு, எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம் என்றேன்.

“நீங்க மட்டும் சம்பாதிக்கணும், நாங்க கூடாதோ?”

உனக்கு ஆடத் தெரியவில்லை, உன் முகத்தைப் பார்த்துத்தான் நான் எடுத்தேன் என்று எல்லோர் காதிலும் விழச் சொன்னேன். இனி அந்த மேஜையில் எவனும் என்னை உட்காரவிட மாட்டான். கிரானைட்காரர் சிரித்தார். சண்முகம் சிரிக்கவில்லை. அடுத்த கைக்குப் போட்ட சீட்டை எடுத்து நேராக அடுக்கினான்.

“இந்தக் கை நல்ல கையி அண்ணாச்சி. தள்ளி நில்லுங்க.”

தனியாகப் பஸ் ஏறினேன். நான் திருந்திவிட்டதாகத் தயாளன் ஊரெல்லாம் பேசுவான். சண்முகம் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான்.