பொட்டு வைத்த பொத்தான்

என் வீட்டு மகாராணி உண்ணாமலைக்கு, காக்ஸ் டவுனிலிருந்து ஏகாம்பரம் கும்பிட்டு எழுதுவது. நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா? என்னைத் திட்டத் தெம்பு இருந்தால் மேலே படி.

ஆபீசில் பழைய பிளாப்பிகளை ஃபார்மேட் செய்து காலியாக்குவது என் வேலைதானே. எனக்கு இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி அடிக்க வராது. கடைசியாக அடித்ததையே திரும்பக் கொண்டுவரும் பொத்தானுக்குச் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறேன். அதை அமுக்குவேன். கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால், ஆமாம் என்பதற்கு ஒய் அடிப்பேன். திங்கட்கிழமை கணக்குப் பார்க்கும் சந்தானம் சார் அதே கம்ப்யூட்டரில் கைதவறி, கணக்கு இருக்கும் டிஸ்க்கையே ஃபார்மேட் பண்ண அடித்துவிட்டு, அது கேட்டதும் வேண்டாமென்று நிறுத்தியிருக்கிறார். எனக்குத் தெரியாது. பொட்டை அமுக்கினேன், கம்ப்யூட்டர் கேட்டது. உன்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று உங்கப்பா கேட்டதற்குத் தலையாட்டினேனே, அதே மாதிரி ஒய் அடித்தேன். வருஷக் கணக்கு மொத்தமும் போச்சு.

"ஏகாம்பரம், என்னய்யா பண்ணே?"

"காலி பண்ணேன் சார்."

அவர் சிரிக்கவில்லை.

வேலை போகவில்லை, பயப்படாதே. பழைய பில்லையெல்லாம் நான் தேடிக் கொடுக்க, ஆபீசில் மற்றவர்கள் திரும்ப அடிக்க வேண்டும். தூசியில் கண் எரிகிறது, இடுப்பு விட்டுப்போகிறது. தீபாவளிக்கு லீவு இல்லை. நம் மகள் செண்பகத்துக்குத் தலைதீபாவளி. நான் இல்லாவிட்டால் கம்பெனியே ஓடாது என்று மாப்பிள்ளையிடம் சொல். வேட்டியை உன் தம்பி கையால் கொடு.

நீ காய்ச்சின எண்ணெய் ஒரு சீசா யாரிடமாவது கொடுத்தனுப்பு. தலைக்கு நானே தேய்த்துக்கொள்வேன். முதுகுக்குக் கை எட்டாது, அது போன வருஷம் நீ தேய்த்துவிட்ட எண்ணெயிலேயே இருக்கட்டும்.

பில் கட்டு கேட்டுக் கூப்பிடுகிறார்கள்.

உன் ஏகாம்பரம்