நாலே முக்கால் வண்டி

நவம்பர் 11, செவ்வாய்

வன்முறைத் தடுப்புக் குழு இன்று பொய்யில் கையெழுத்துப் போட்டது. "கடந்த மூன்று மாதங்களில் சம்பவம் எதுவும் இல்லை." பேரூராட்சி, காவல் நிலையம், பள்ளி, ஆஸ்பத்திரி - நான்கு பேரும். தட்டச்சு செய்தவள் நான், பேரூராட்சியின் ஒப்பந்த ஊழியர்.

வீட்டில் தம்பி வினோத்குமார் தோளில் பதினொரு தையலோடு கிடக்கிறான். பக்கத்து ஊர்ப் பையன் பஸ் ஸ்டாண்டில் வெட்டியது. பிளஸ் டூ படிக்கிறவன் இனி பள்ளிக்கூடமே வேண்டாம் என்கிறான்.

ஆஸ்பத்திரியில் எங்கள் அய்யா, பெற்ற அப்பா, என்ன சொன்னார்? "தகரம் கிழிச்சிருச்சு." கேஸ் ஆனால் தம்பி பேரையும் சேர்த்துவிடுவார்கள், நாளைக்கு அவனுக்குப் பாஸ்போர்ட் கிடைக்காது, துபாய் போக முடியாது - அந்தப் பயம். நானும் வாயைத் திறக்கவில்லை. அப்போ நானும் பொய்க்காரிதானே?

நவம்பர் 13, வியாழன்

தம்பிக்குத் தையல் போட்ட நர்ஸ் ஹமீதா பானு அக்காவிடமே போய், இப்படி எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்டேன். சிரித்தார். "இந்த ஊருத் தகரத்துக்கு எம்புட்டுக் கோவம்மா! ஆம்பளப் பிள்ளைகளாத் தேடித் தேடிக் கிழிக்குது."

மூன்று மாதத்தில் பத்தொன்பது பேர்! பெயர் தரமாட்டார். டாக்டரிடம் அனுமதி வாங்கி, நேரமும் இடமும் மட்டும் எழுதித் தருகிறாராம்.

நவம்பர் 17, திங்கள்

பதினான்கு பேருக்கு ஒரே இடம், ஒரே நேரம்! பஸ் ஸ்டாண்ட், மாலை நாலே முக்கால்.

முன்பு எங்கள் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தனித்தனி பஸ். ஆகஸ்டில் ஒன்றாக்கினார்கள். ஜன்னலோர சீட்டுக்கு இடி, போனில் சாதிப் பாட்டு, அப்புறம் அருவாள். சாதி வீட்டிலிருந்தே வருகிறது, சரி. அதற்கு நேரம் குறித்துக் கொடுத்தது யார்?

நவம்பர் 20, வியாழன்

குழுக் கூட்டம். அக்கா எழுதித் தந்த தாளை மேசையில் வைத்தேன். இன்ஸ்பெக்டர், "பேரக் குடுங்க சிஸ்டர், ரெண்டு நாள்ல தூக்கிர்றேன்" என்றார்.

"குடுத்தா நாளைக்கு ஒருத்தனும் தையலுக்கு வரமாட்டான் சார். வீட்லயே மஞ்சள அப்பிக்கிட்டுச் சாவான்" என்றார் ஹமீதா அக்கா.

பேரூராட்சித் தலைவர் சேதுலட்சுமி மேசையைத் தட்டினார்: "ரெண்டு வண்டி விட்டுத்தான் பாப்போமேய்யா!" கூட்டத்துக்கு அழைத்திருந்த பஸ் டிப்போ மேலாளர், திங்கள் முதல் இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் இரண்டு வாத்தியார்கள், இரண்டு போலீஸ். இரண்டாவது வண்டியைக் கேட்டு வாங்கிவிட்டோம்!

நவம்பர் 24, திங்கள்

இன்று முதல் ஊருக்கு ஒரு வண்டி. சாதி பார்த்துப் பிரிப்பது அசிங்கம்தான். தெரியும். முதலில் உயிர்.

நவம்பர் 28, வெள்ளி

ஐந்து நாள். வெட்டுக்காயம் ஒன்றுகூட இல்லை!

டிசம்பர் 2, செவ்வாய்

ஒரு தையல். பதறி ஓடினேன். "உக்காரும்மா, இது நெசமாவே தகரம்" என்றார் அக்கா. ஆட்டுக் கொட்டகைக் கூரை.

டிசம்பர் 3, புதன்

வினோத் பள்ளிக்குப் போனான்!! "ஏலே, பயமா இல்லையா?" என்றேன். "அதான் வண்டி இருக்குல்ல" என்றான்.

டிசம்பர் 5, வெள்ளி

இரண்டு வாரம் இன்றோடு முடிகிறது. வண்டியை நிறுத்தாதீர்கள் என்று கேட்க டிப்போவுக்கே போய்விட்டேன். "மேல எழுதிருக்கோம்மா" என்றார் மேலாளர். எப்போது பதில் வரும்? தெரியாதாம். திங்கட்கிழமை? கோப்பைப் புரட்டினார். மறுபடி கேட்டேன். போனை எடுத்துப் பார்த்தார். மூன்றாவது முறை கத்தியே விட்டேன், டிரைவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்:

"திங்கக்கிழமை நாலே முக்காலுக்கு ரெண்டாவது வண்டி வந்து நிக்கணும். நிக்கும்னு சொல்லுங்க சார்."