கயிறு பிடித்தவனுக்குப் பங்கு

இன்று காலை மூன்றாம் அறையைத் திறந்ததும் குப்பென்று நாற்றம் அடித்தது. நேற்றுக் கொழும்புக்குப் போன குடும்பம் கட்டிலுக்குக் கீழே ஒரு பை சூடை மீனை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அறையில் அடுப்பில்லை, கொடுத்ததை வேண்டாமென்று சொல்லவும் கூச்சப்பட்டிருப்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நீ போய் ஒரு வருடமாகிறது, உன் வழக்கம் மட்டும் இந்தக் கரையை விட்டுப் போகவில்லை, மச்சான்.

நீ கரைவலைச் சம்மாட்டி, கடலில் வளைத்த வலையைக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பிக்கிற முதலாளி. நான் உன் வலை இழுக்கிற கரையோரம் நாலு அறை கட்டி, ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறவன். முதன்முதலில் வந்தவர்கள் தூரத்தில் நின்று படம்தான் எடுத்தார்கள். "வாங்கோ, ஒரு கை பிடியுங்கோ" என்று கூப்பிட்டது நீதான். லண்டனிலிருந்து வந்த ஒரு பெரிய உடம்புக்காரர் கயிற்றைப் பிடித்து, சறுக்கி, மணலில் குந்திவிட்டார். வலை கரையேறியதும் அவருக்கும் கறிக்கு மீன் அள்ளிக் கொடுத்தாய். மனிதர் திருதிருவென்று முழித்தார்.

"அறையில தங்கிற ஆக்கள், மீனைக் கொண்டுபோய் என்னடாப்பா செய்யிறது?" என்றேன்.

"அது அவையின்ர விருப்பம். கயிறு பிடிச்ச ஆளை வெறுங்கையோட அனுப்பேலாது."

எனக்கு வியாபாரப் புத்தி சும்மா இருக்குமா? அடுத்த பருவம் வாசலில் பலகை போட்டேன்: கரைவலை இழுக்கலாம், ஆளுக்கு இவ்வளவு என்று. உன்னிடம் சொல்லவில்லை. உன் ஆட்களும் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள். ஒருவன் ஓட்டோ ஓட்டினான், ஒருவன் களப்பில் படகு விட்டான், இரண்டு பேர் குசினியில் சமைத்தார்கள். கடல் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் மாதச் சம்பளம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போதும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன். அவர்கள் வீடுகளுக்குக் கூரை ஏறியது பொய்யில்லையே.

பிறகு அந்த நாள் வந்தது. வலையில் பாசியும் தொட்டால் அரிக்கிற சொறிமுட்டையும்தான், மீன் ஒரு கூடைகூட இல்லை. என் விருந்தாளி ஒருவர் கத்தினார்: "நாங்கள் காசு கட்டித்தானே இழுத்தனாங்கள்!" நீ என்னைப் பார்த்தாய். இருந்ததை எல்லாருக்கும் பங்கு வைத்தாய், கத்தியவருக்கும் வைத்தாய். வழக்கம்போல நானும் பையை நீட்டினேன்.

"நீ கயிறு பிடிக்கேல்லை" என்றாய்.

அவ்வளவுதான். அத்தனை வருடமும் நான் ஒருநாளும் கயிறு பிடித்ததில்லை, நீ ஒருநாளும் என் பையை வெறுமையாக அனுப்பியதில்லை. பலகையை அன்றே கழற்றிவிட்டேன், ஆனால் எனக்குக் கோபம் போகவில்லை. மூன்று மாதம் வேறு வழியால் போய் வந்தேன். அதற்குப் பிறகு உன்னை மாதா கோயிலில் பெட்டியில்தான் பார்த்தேன். உன்னோடு கதைக்காமல் விட்டதை நினைத்தால் என்மேல்தான் எரிச்சல் வருகிறது.

இன்று அறையைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, இப்போது உன் வலையை நடத்துகிற உன் மனைவி வந்தார்.

"அண்ணை, அந்தப் பலகையைத் திரும்பப் போடுங்கோ. வாற காசில எனக்குப் பாதி தாங்கோ. ஆறு கிழவரை வைச்சு வலை இழுக்கேலாது. பெடியள் எல்லாம் உங்களிட்டத்தானே நிக்கிறாங்கள்."

"அவன் விரும்பமாட்டான், தங்கச்சி."

"அவர் இல்லையே, அண்ணை. நீங்கள் மாட்டனெண்டால் வலையை விக்கிறதுதான்."

"கறிக்கு மீன் குடுக்கிறது?"

"அதை ஆர் நிப்பாட்டினது? கயிறு பிடிக்கிற எல்லாருக்கும் உண்டு."

ஓம் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் இது இரண்டாம் தடவை. சொன்னதிலிருந்து ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. மூன்று தரம் கரைக்குப் போய்த் திரும்பிவிட்டேன். செய்தது சரியா பிழையா என்று சொல்ல நீயும் இல்லை.

நாளை விடிய நானும் கயிறு பிடிக்கப் போகிறேன், மச்சான். இழுத்து முடித்து உன் மனைவி பங்கு வைக்கும்போது கையை நீட்டுவேனா என்றுதான் தெரியவில்லை.