போர்வையில் இருந்த எண்

ஐப்பசி 26, புதன்.

போரில் இறந்த சிப்பாயின் அப்பா, எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்ன எங்கள் கடிதம் கண்டு, அவனுடைய டிரங்குப் பெட்டியோடு தஞ்சாவூர் ராணுவக் கிடங்குக்கு வந்தார். நன்னிலம் பக்கத்துக் கூலி விவசாயி. சர்க்கார் சாமான்களுக்கு எண் பொறிப்பதும், திரும்பி வருபவற்றைச் சரிபார்ப்பதும் என் வேலை. எண் போட்டிருந்ததையெல்லாம் மளமளவென்று எடுத்துவைத்தேன். கடைசியில் ஒரு போர்வை.

“இத மட்டும் குடுத்துடுங்க தம்பி. அவன் வாசம் இருக்குன்னு அவங்கம்மா தலமாட்டுல வச்சிருந்தா.”

“நம்பர் இருக்கு பெரியவரே. சர்க்காரோடது.”

“நாங்க உழுத நிலத்துக்கும் இதத்தான் சொன்னாங்க. சர்வே கல்லுல நம்பர் இருக்காம், எங்க பேரு இல்லையாம்” என்று சிரித்தார். எனக்கு எரிச்சல். கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் பதிவேட்டில் தேடினால் அந்த எண் இல்லை. அது படையில் அவனுக்குக் கொடுத்த எண். சொந்தக் காசில் வாங்கியதிலும் சிப்பாய்கள் அதை எழுதிவைப்பார்கள். எனக்குத் தெரியும். நிதானித்துப் பார்க்கவில்லை.

திரும்பி வந்த துணிகள் போகும் சலவைக் கொட்டகைக்கு ஓடினேன். சலவைச் சோடாவில் வெந்து, கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது போர்வை.

நாளை அதை அந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். வாங்கியதும் முகர்ந்துதான் பார்ப்பார்.