டேப்லெட்டில் திறக்காத பாட்டுகள்

புதன்கிழமை, இரவு.

இன்று உடம்பைவிட மனசுதான் அசந்துபோயிருக்கிறது. மகள் ஸ்டெல்லா எனக்கென்று டேப்லெட் வாங்கி வந்தாள். "பாட்டு டைப் பண்றதுக்கு அந்தப் பாறாங்கல்லு எதுக்குமா? நாளைக்கு எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் வரான், குட்த்துடு" என்றாள். பாறாங்கல் என்றது என் லேப்டாப்பை. கீல் உடைந்துவிட்டதால் அதைச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் திறக்கிறேன்.

டேப்லெட் நன்றாகத்தான் இருக்கிறது. படுத்துக்கொண்டே விவிலியம் வாசிக்கலாம். எங்கள் பங்கில் பக்கத்து வீட்டுக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்காக இத்தனை வருடம் நான் டைப் செய்த பாட்டுகளை அதில் ஏற்றினோம். திறந்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை, எல்லாம் தாறுமாறான இங்கிலீஷ் எழுத்து. நான் அடித்தது பழைய தமிழ் ஃபான்டில். அது லேப்டாப்பில் மட்டும்தான் இருக்கிறது.

"இன்னா மேரி, இதுவா மாதா பாட்டு? வெள்ளக்காரன் திட்ற மாரி கீது" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. "இதுல புச்சா அட்ச்சிக்கோமா" என்றாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

டேப்லெட்டில் ஒரு பாட்டை அடித்துப் பார்த்தேன். லேப்டாப்பில் நானாகவே டைப் பழகினவள்; கண்ணை மூடினாலும் விரல் ஓடும். இந்தக் கண்ணாடித் திரையில் ஒவ்வொரு எழுத்தையும் தேட வேண்டியிருக்கிறது. இரண்டாவது சரணத்திலேயே கண் எரிந்தது.

வாசிக்க டேப்லெட் போதும். எழுத லேப்டாப்தான் வேண்டும். கொடுக்கப்போவதில்லை என்று காலையில் ஸ்டெல்லாவிடம் சொல்லிவிட வேண்டும். கோபித்துக்கொள்வாள்.

லேப்டாப் இன்னும் கொஞ்ச காலம் ஓட வேண்டும் என்று ஜெபம் பண்ணலாமா, தெரியவில்லை. பண்ணிவிட்டேன்.